லூயிஸ் கரோல்: குடும்பம் மறைத்ததும் ஆய்வாளர்கள் கண்டதும்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் ஒரு நடுநிலைப் பள்ளி ஆசிரியை. ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாரம் ஒருமுறை ‘அற்புத உலகில் ஆலிஸ்’ கதையைத் தமிழில் சொல்லிவருகிறேன். அந்நூலை எழுதிய லூயிஸ் கரோல் சிறுமிகளிடம் தகாத நாட்டம் கொண்டவர் என்று உடன் பணியாற்றும் ஒருவர் கூறினார். 2015இல் வந்த பிபிசி ஆவணப்படம் ஒன்றையும் சான்றாகக் காட்டினார். தேடிப் படித்தபோது, அதெல்லாம் கட்டுக்கதை என்று மறுக்கும் ஆய்வாளர்களும் இருப்பது தெரிந்தது. ஒரு தலைமுறை அவரைப் புனிதர் என்றது, அடுத்தது குற்றவாளி என்றது, இப்போது மூன்றாவதாக ஒன்றைச் சொல்கிறார்கள். காலத்துக்கேற்பக் கருத்து மாறுமென்றால் இந்த மறுமதிப்பீடுகளால் என்ன பயன்? நான் இக்கதையைத் தொடர்ந்து சொல்லலாமா?

இரா. கமலா
மன்னார்குடி

அன்புள்ள கமலா அவர்களுக்கு,

மூன்று தலைமுறைகள் மூன்று விதமாகச் சொன்னதாக நீங்கள் எழுதியிருப்பது சரிதான். ஆனால், அந்த மூன்றும் ஒரே வகையான வேலையின் விளைவுகள் அல்ல. கரோலைப் பற்றிய ஆவணங்களைத் தேடி எடுத்து முழுமையாகப் பதிப்பிக்கும் பணி ஒன்று. அந்த ஆவணங்களில் உள்ள இடைவெளிகளை ஊகத்தால் நிரப்பும் பணி இன்னொன்று. முன்னதில் ஊசலாட்டம் ஏதுமில்லை; ஐம்பது அறுபது ஆண்டுகளாக அது படிப்படியாக வளர்ந்தே வந்திருக்கிறது. ஊசலாடுவது பின்னது மட்டுமே.

இடைவெளிகள் எப்படி வந்தன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். சார்லஸ் லட்விட்ஜ் டாட்ஜ்சன் என்பது கரோலின் இயற்பெயர். 1832இல் பிறந்த அவர், ஆக்ஸ்ஃபோர்டின் கிறைஸ்ட் சர்ச் கல்லூரியில் 1855 முதல் 1881 வரை கணித விரிவுரையாளராக இருந்தார். 1898 ஜனவரியில் காலமானார். அவர் எழுதிய நாட்குறிப்பு பதின்மூன்று தொகுதிகள். அவற்றில் நான்கு குடும்பத்தாரின் பொறுப்பில் இருந்த காலத்திலேயே காணாமல் போய்விட்டன. எஞ்சிய ஒன்பதிலும் சில பக்கங்கள் வெட்டி எடுக்கப்பட்டுள்ளன. 1953இல் வெளிவந்த முதல் பதிப்பு சுருக்கப்பட்ட பதிப்பு. மூலத் தொகுதிகள் 1969இல்தான் பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகத்துக்கு (இன்றைய பிரிட்டிஷ் நூலகம்) வந்துசேர்ந்தன. எட்வர்ட் வேக்லிங் பதிப்பித்த முழு வடிவம் 1993 முதல் 2007 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. அதாவது, கரோலைப் பற்றிப் பெரும்பாலோர் இன்றும் திருப்பிச் சொல்லும் முடிவுகள், அவருடைய நாட்குறிப்பை முழுமையாக எவரும் அச்சில் படிக்க முடியாத காலத்தில் எட்டப்பட்டவை.

அந்த முடிவுகளுக்கு அடித்தளம் இட்டவர் அவருடைய சகோதரியின் மகன் ஸ்டூவர்ட் காலிங்வுட். கரோல் இறந்த ஆண்டிலேயே அவர் எழுதிய வாழ்க்கை வரலாறு, சிறுமிகளுடனான நட்பை விரிவாகவும் பெருமையாகவும் பேசியது. விக்டோரிய நடுத்தர வர்க்கத்தின் பார்வையில் குழந்தை களங்கமின்மையின் உருவம். குழந்தைகளோடு பழகும் மணமாகாத சமயப் பணியாளர் ஒருவரை யாரும் ஐயுற மாட்டார்கள். இருபது வயதைக் கடந்த பெண்கள் துணையின்றி அவரைப் பார்க்க வந்ததும், கடற்கரை ஊரான ஈஸ்ட்போர்னில் அவருடைய விருந்தினராகத் தங்கியதும்தான் அன்று ஊர் வாயில் விழக்கூடிய செய்திகள். இதுபற்றிக் கவலை தெரிவித்த தம் சகோதரி மேரிக்கு அவர் 1893இல் எழுதிய பதில் கிடைத்திருக்கிறது. எவருமே குறை காண முடியாத செயல்களை மட்டும் செய்வதென்றால் வாழ்க்கையில் பெரிதாக எதையும் செய்ய முடியாது என்ற பொருளில் சற்று எரிச்சலோடு அதில் எழுதியிருக்கிறார். குடும்பம் இந்தப் பெண்களைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுச் சிறுமிகளை முன்னே நிறுத்தியது. அவர்கள் பாதுகாப்பானது என்று தேர்ந்தெடுத்த அதே சித்திரம்தான் அடுத்த நூற்றாண்டில் குற்றப்பத்திரிகையாக மாறியது. 1932இல் லாங்ஃபோர்ட் ரீட் எழுதிய வரலாறு, பெண் பிள்ளைகள் பதின்மூன்று பதினான்கு வயதை எட்டியதும் கரோல் அவர்களின் நட்பைத் துண்டித்துக்கொண்டார் என்ற கருத்தைப் பரப்பியது; அதே பத்தாண்டில் உளப்பகுப்பாய்வாளர்களும் ‘ஆலிஸ்’ நூலைக் கையில் எடுத்தார்கள். சிறுமிகளாக அறிமுகமாகி, வளர்ந்து மணமான பின்னும் அவருடன் கடிதத் தொடர்பில் இருந்தவர்கள் பலர் என்பதை 1979இல் மார்ட்டன் கோஹன் தொகுத்த கடிதங்களைப் புரட்டும் எவரும் காணலாம். இருந்தும் ரீடின் கருத்து சாகவில்லை.

இந்த வரலாற்றை முதலில் அவிழ்த்துக் காட்டியவர் கேரொலைன் லீச் என்ற பெண் ஆய்வாளர். 1999இல் அவர் எழுதிய நூலின் பெரும்பகுதியை நான் ஏற்கிறேன். அந்நூலுக்கு மூன்றாண்டுகள் முன்பு குடும்ப ஆவணங்களுக்கிடையே அவர் கண்டெடுத்த ஒரு துண்டுக் காகிதம்தான் கரோல் ஆய்வில் அண்மைக்காலத்தின் மிக முக்கியமான கண்டுபிடிப்பு என்பேன். கரோல் வாழ்க்கையின் பெரும் புதிர், 1863 ஜூன் இறுதியில் லிடெல் குடும்பத்தோடு ஏற்பட்ட விரிசல். கல்லூரித் தலைவர் ஹென்றி லிடெலின் மகள்களான லொரினா, ஆலிஸ், ஈடித் ஆகிய மூவருக்கும் 1862 ஜூலை 4 அன்று படகில் சென்றபோது சொன்ன கதைதான் பிற்பாடு நூலாயிற்று. ஓராண்டுக்குள் அவ்வீட்டுக்குப் போவதே நின்றது. என்ன நடந்தது என்பதைச் சொல்லக்கூடிய நாட்குறிப்புப் பக்கம் வெட்டப்பட்டிருக்கிறது. அப்போது கரோலுக்கு வயது 31, ஆலிஸுக்கு 11. பெண்ணின் சட்டப்படியான திருமண வயது 12ஆக இருந்த அந்தக் காலத்தில் அவர் ஆலிஸை மணம் கேட்டிருக்கலாம் என்று கோஹன் 1995இல் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் வாதிட்டார்.

லீச் கண்டெடுத்த காகிதம், வெட்டப்பட்ட பக்கங்களில் இருந்ததன் சுருக்கம். குடும்பத்தின் அடுத்த தலைமுறைப் பெண்களில் ஒருவரின் கையெழுத்து என்று கருதப்படுகிறது. பிள்ளைகளைச் சாக்காக வைத்து அவ்வீட்டுச் செவிலியாசிரியையை அவர் நாடுகிறார் என்றும், ‘ஐனா’வை நாடுகிறார் என்று சிலர் கருதுவதாகவும் ஊரில் பேச்சு இருப்பதைத் திருமதி லிடெலிடமிருந்து கரோல் அறிகிறார் என்பதே அதன் சாரம். ஆலிஸ் பெயர் அதில் இல்லை. ஐனா என்பது பதினான்கு வயது லொரினாவின் செல்லப் பெயர். அவளுடைய தாயின் பெயரும் லொரினாதான் என்பதால் லீச் அங்கிருந்து இன்னொரு ஊகத்துக்குப் போகிறார். கரோலின் மனம் தாயிடம் சென்றிருக்கலாம் என்கிறார். இங்கேதான் எனக்கு அவரோடு உடன்பாடு இல்லை. 1860களின் நாட்குறிப்பில் தம் பாவங்களை மன்னிக்கும்படி கரோல் இறைவனிடம் மன்றாடும் வரிகள் அடிக்கடி வருகின்றன. கோஹன் அவற்றைச் சிறுமியின் மீதான காதலுக்குச் சான்றாகப் படித்தார். லீச் அதே வரிகளை மணமான பெண்ணுடனான உறவுக்குச் சான்றாகப் படிக்கிறார். எந்தப் பாவம் என்று அந்த வரிகள் சொல்லவே இல்லை. கோஹனின் ஊகத்தை இவ்வளவு கூர்மையாக மறுத்தவர் தாமே அதே குழியில் இறங்கியது வியப்புதான்.

ஒளிப்படங்கள் விஷயத்தில் உங்கள் நண்பரின் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. 1856 முதல் 1880 வரை கரோல் எடுத்தவை ஏறத்தாழ 3000 படங்கள். அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே எஞ்சியுள்ளன. 2002இல் ரோஜர் டெய்லரும் வேக்லிங்கும் தயாரித்த விரிவான பட்டியலின்படி, எஞ்சியவற்றில் பாதிக்குச் சற்று மேற்பட்டவை சிறுமிகளின் படங்கள். ஆடையில்லாமல் எடுக்கப்பட்டவை மொத்தத்தில் மிகச் சிறு பங்கு. பெற்றோரின் ஒப்புதலோடு எடுக்கப்பட்டவை. கைவிரல்களில் எண்ணத்தக்கவையே இன்று கிடைக்கின்றன. குழந்தைகளை அவ்வாறு படமெடுப்பது அன்றைய கலை வழக்கங்களுள் ஒன்று. 1872இல் இருபது வயது ஆலிஸைப் படமெடுத்த ஜூலியா மார்கரெட் கேமரனும் தேவதைகளாகவும் குழந்தை இயேசுவாகவும் பிள்ளைகளை அப்படி எடுத்திருக்கிறார். ஆனால் வழக்கம் என்பது விளக்கமே ஒழிய விடுதலைத் தீர்ப்பாகாது. கரோல் அத்தகைய படங்களுக்காகப் பெற்றோருக்கு எழுதிய சில கடிதங்களில் உள்ள வற்புறுத்தல் இன்று படிக்கையில் நெருடுகிறது; அதை இல்லையென்று சொல்லும் ஆதரவாளர்களை நான் நம்புவதில்லை. அதேபோல், அவர் எந்தக் குழந்தைக்கும் தீங்கு செய்ததாக அவரோடு பழகியவர்களில் ஒருவரும், பிற்காலத்தில் மூதாட்டியராகி நினைவுகளை எழுதியவர்கள் உட்பட, கூறவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது.

2015 ஆவணப்படம் முன்வைத்தது, பிரான்ஸின் மார்செய் நகர அருங்காட்சியகம் ஒன்றில் உள்ள, ஆடையில்லாத சிறுமி ஒருத்தியின் ஒற்றைப் படம். அது கரோல் எடுத்தது என்பதற்கும், அதில் இருப்பவர் லொரினா என்பதற்கும் உறுதியான ஆவணத் தொடர்ச்சி எதுவும் காட்டப்படவில்லை. இத்தகைய குற்றச்சாட்டை அந்த அளவு சான்றின் மீது தொலைக்காட்சியில் நிறுத்தியது பொறுப்பற்ற செயல் என்பது என் கருத்து. அதைவிடப் பயனுள்ள ஆவணம், ஜென்னி வுல்ஃப் தேடிக் கண்டுபிடித்து 2005இல் வெளியிட்ட கரோலின் வங்கிக் கணக்கு. கணக்கில் இருந்ததற்கு மேல் எடுத்துச் செலவிட்டுக்கொண்டே இருந்தவர், பெண்களையும் குழந்தைகளையும் பாதுகாக்கும் அமைப்புகள் உட்படப் பல அறநிறுவனங்களுக்கு நன்கொடை அளித்துவந்தார் என்று அது காட்டுகிறது. இதனாலும் எதுவும் நிரூபணமாகிவிடவில்லை. ஆனால் ஆளைப் பற்றிய சித்திரம் சற்றே நிரம்புகிறது.

இந்தச் சர்ச்சையின் நிழலில் இன்னொரு மறுமதிப்பீடு போதிய கவனம் பெறாமல் போகிறது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் டாட்ஜ்சன் ஒரு மந்தமான கணித ஆசிரியர் என்றே எழுதப்பட்டார். கல்லூரித் தேர்தல்களையும் கட்டடச் சண்டைகளையும் ஒட்டி 1873 முதல் 1876 வரை அவர் வெளியிட்ட வாக்கெடுப்பு முறைகள் பற்றிய சிறு பிரசுரங்களை 1958இல் பொருளியலாளர் டங்கன் பிளாக் மீண்டும் பதிப்பித்தபோது, அத்துறையின் முன்னோடிகளில் ஒருவராக அவர் அறியப்பட்டார். வெளிவராமலே நின்றுபோன அவருடைய தருக்கவியல் நூலின் இரண்டாம் பாகத்தை வில்லியம் பார்ட்லி 1977இல் பதிப்பித்தார். இந்தத் தருக்கவாதியைத் தெரிந்துகொண்டு படித்தால் ‘ஆலிஸ்’ வேறு நூலாகிறது. 1864 நவம்பரில் ஆலிஸுக்குக் கையெழுத்துப் பிரதியாகப் பரிசளிக்கப்பட்ட கதை ஏறத்தாழ 15,500 சொற்கள். 1865இல் அச்சானது ஏறத்தாழ 27,500. செஷயர் பூனையும், பைத்தியக்காரத் தேநீர் விருந்தும், கையில் இருக்கும்போதே பன்றியாகும் குழந்தையும் கையெழுத்துப் பிரதியில் இல்லை. நூலின் மிகத் துணிச்சலான தருக்க விளையாட்டுகள் சிறுமிக்குச் சொன்ன கதைக்குப் பிறகு, அக்குடும்பத்தோடு உறவு தளர்ந்த காலத்தில், அச்சுக்காகச் சேர்க்கப்பட்டவை. சேர்க்கப்பட்ட இப்பகுதிகளில் அன்றைய புதிய இயற்கணிதத்தின் மீதான கேலி இருக்கிறது என்று மெலனி பெய்லி 2009இல் வாதிட்டார். யூக்ளிடின் பழைய வடிவியலை விடாமல் பற்றிக்கொண்டிருந்தவர் டாட்ஜ்சன் என்பதால் வாதத்துக்கு இடமிருக்கிறது, ஆனால் தேநீர் மேசையைச் சுற்றி நகர்வதை கணிதவியலாளர் ஹாமில்டன் வகுத்த ‘குவாட்டர்னியன்’ என்ற நான்கு கூறு எண்களோடு பொருத்தும் இடத்தில் அவர் கயிற்றை அதிகம் இழுக்கிறார். எப்படியானாலும், முழு நூலையும் ஆலிஸ் லிடெலுக்கு எழுதிய மறைமுகக் காதல் கடிதமாகப் படிப்பவர்களுக்கு இந்த 12,000 சொற்கள் பெரும் இடைஞ்சல்.

எனவே நீங்கள் தாராளமாகக் கதையைத் தொடரலாம். ஆறாம் வகுப்புக்கு ஆசிரியரின் வாழ்க்கை தேவையில்லை. தேநீர் விருந்து அத்தியாயத்தை மட்டும் அவசரப்படாமல் சொல்லுங்கள், விடையில்லாத விடுகதையைக் கேட்டதும் பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள். மேல் வகுப்பு மாணவர் யாரேனும் இணையத்தில் படித்துவிட்டு வந்து கேட்டால், நாட்குறிப்பில் ஒரு பக்கம் வெட்டப்பட்டிருப்பதையும், அந்தத் துண்டுக் காகிதம் சொல்வதையும், படங்களைப் பற்றித் தெரிந்ததையும் அப்படியே சொல்லிவிடலாம். உங்கள் நண்பருக்கு நேரமிருந்தால் வேக்லிங் பதிப்பின் 1863ஆம் ஆண்டுப் பகுதியைப் படிக்கச் சொல்லுங்கள். ஆவணப்படத்தைப் பற்றி அதன் பிறகு அவரோடு பேசுவது எளிதாக இருக்கும்.