பக்கத்து விளை மரமா? கையெழுத்து வாங்காமல் வெட்டுக்கத்தியை எடுக்காதீர்கள்

கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அடுத்த விளையில் (தோட்டத்தில்) நிற்கும் அயனி மரத்தின் கொப்பு அவருடைய ஓட்டு வீட்டுக்கு மேலே படர்ந்து நிற்கிறது, கூடவே ஒரு தென்னையும் வீட்டைப் பார்த்துச் சாய்கிறது. விளைக்காரர் மஸ்கட்டில். இங்கே பார்த்துக்கொள்ளும் தம்பி "முறிச்சுக்கோங்க" என்று வாயால் சொல்லிவிட்டார். ஒரு மர வியாபாரியோ கூலியே வேண்டாம், தடியை (வெட்டிய மரத்தை) மட்டும் தந்தால் போதும் என்கிறார். எழுதி வாங்கணுமா, மழைக்கு முன்னால் முறித்துவிடலாமா?

எழுதி வாங்குங்கள். அதுவும் தம்பியிடம் அல்ல, பட்டாவில் பேர் உள்ளவரிடம். கூட்டுப் பட்டா என்றால் எல்லோரிடமும். தேங்காய் போட்டு விற்கிற தம்பிக்கு மரத்தை முறிக்கச் சொல்லும் உரிமை கிடையாது. அண்ணன் லீவில் வந்து அடிமரத்தைப் பார்க்கிற அன்று "நான் அப்படிச் சொல்லவேயில்லை" என்று தம்பி ஒதுங்கிக்கொண்டால் உங்கள் கையில் என்ன இருக்கும்?

இலவசமாக முறிக்க வருகிற வியாபாரியிடம்தான் அதிகக் கவனம் வேண்டும். அயனித் தடிக்கு நல்ல விலை உண்டு, கதவு, ஜன்னல் எல்லாம் அதில்தான் செய்கிறார்கள். அதனால் கொப்பு முறிக்க வந்தவர் "மரமே உளுத்துப்போச்சு" என்று சொல்லி அடியோடு சாய்த்துவிட்டு லோடு ஏற்றிப் போய்விடுவார், கேஸ் வந்தால் "வீட்டுக்காரர் சொன்னார், முறிச்சேன்" என்பார். அடுத்தவர் நிலத்து மரத்தை எடுத்துப்போகும் எண்ணத்தோடு வெட்டினால், அது தறிந்த அந்த நிமிடமே திருட்டு. வண்டியில் ஏற்றியிருக்கவே வேண்டாம். பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 303-வது பிரிவில் கொடுத்திருக்கும் முதல் உதாரணமே இதுதான். "அனுமதியெல்லாம் நான் பேசிக்கிறேன், நீங்க இதிலே ஒரு கையெழுத்து போடுங்க" என்று வெற்றுத்தாளை நீட்டினால் அதோடு அவரை அனுப்பிவிடுங்கள்.

ஒரே ஒரு விலக்கு உண்டு, அதை எல்லோரும் தப்பாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். உங்கள் எல்லைக்குள் நீண்டு வந்த கொப்பை நீங்கள் வெட்டலாம், அதற்கு அனுமதி தேவையில்லை. ஆனால் உங்கள் மண்ணில் நின்று, எல்லைக்கோடு வரை மட்டும். கையாலையை (எல்லைச் சுவரை) தாண்டக்கூடாது, அவர் மரத்தில் ஏறக்கூடாது, கயிறு கட்டக்கூடாது. வெட்டிய கொப்பும் அதிலிருக்கும் காயும் மரக்காரருக்குத்தான் சொந்தம், விறகுக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். கனமான கொப்பை மேலிருந்து மட்டும் அறுத்தால், பாரத்தில் அது தொங்கி, பட்டையை அடிமரம் வரை உரித்துக்கொண்டு விழும், அப்புறம் நஷ்டம் எல்லைக்கு அந்தப் பக்கம். முதலில் அடியில் கொஞ்சம் அறுத்துவிட்டுத்தான் மேலே அறுக்க வேண்டும். மரமே கையாலை மேல் நின்றால் இந்த விலக்கை மறந்துவிடுங்கள், இரண்டு பேர் சம்மதமும் வேண்டும். தென்னைக்கும் இது உதவாது. அதற்கு ஏது கொப்பு? மண்டையை வெட்டினால் மரம் செத்தது. கம்பி கட்டி எதிர்ப்பக்கம் இழுத்து நிறுத்தலாம் (கம்பி தடியை அறுக்காமலிருக்க இடையில் பழைய டயர்த் துண்டு வையுங்கள்), ஆனால் அதற்கும் அவர் கையெழுத்து வேண்டும்.

முத்திரைத்தாள், அக்ரிமென்ட் என்று காசு பிடுங்குகிறவர்களிடம் போகாதீர்கள். வெள்ளைத்தாள் போதும். சர்வே எண், எந்த மரம், எவ்வளவு முறிக்கலாம், எந்தத் தேதிக்குள், தடி யாருக்கு, கூலி யாருடையது, கையாலை இடிந்தால் யார் கட்டுவது, இவ்வளவும் அவர் கைப்பட எழுதிக் கையெழுத்திட்டுப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும். அந்த மெசேஜை அழிக்காதீர்கள். ஊருக்கு வருகிற யாரிடமாவது அசலையும் கொடுத்துவிடச் சொல்லுங்கள்.

அவர் மறுத்தால்? மரம் ஆபத்தாக நிற்கிறது என்று படத்தோடு எழுதி ஒப்புகையுடன் தபாலில் அனுப்புங்கள். அப்புறம் பத்மநாபபுரம் சப் கலெக்டருக்கு மனு. விழும் நிலையில் உள்ள மரத்தை அகற்ற உத்தரவிட பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 152-வது பிரிவு அதிகாரம் கொடுக்கிறது, அதில் மரம் என்றே எழுதியிருக்கிறது. இருந்தும் கிராம அலுவலர் தாலுகாவுக்குக் கைகாட்டுவார், தாலுகாவில் ஸ்டேஷனுக்குப் போ என்பார்கள், ஸ்டேஷனில் "இது சிவில் மேட்டர்". 2017 ஓக்கி புயலில் இந்த மாவட்டத்தில் எத்தனை மரம் சாய்ந்தது என்று பார்த்த பிறகும் இப்படி அலைக்கழிக்கிறார்களே என்று எனக்கு ஆத்திரமாக வருகிறது. நீங்கள் அந்தச் சுற்றில் மாட்டவேண்டாம். மனுவில் பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு, தபால் ஒப்புகையின் நகலை இணைத்து, நேரே சப் கலெக்டர் அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள்.