காற்று விடும்வரை நங்கூரத்தில் கிடப்பது எப்படி?

நாகப்பட்டினத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "26 அடி பாய்மரப் படகில் நானும் தம்பியும் மாமாவும் தை மாதம் மல்லிப்பட்டினத்துக்குப் புறப்பட்டோம். வாடை வலுத்துவிட்டதால் கோடியக்கரையைச் சுற்றி வந்து, தென்பக்கம் 12 அடித் தண்ணீரில் நங்கூரம் போட்டு, 50 அடிக் கயிறு விட்டோம். இரண்டு ராத்திரி தூக்கமில்லை, ஒழுங்கான சாப்பாடில்லை. மாமாவும் தம்பியும் பேச்சையே நிறுத்திவிட்டார்கள். மூன்றாம் நாள் காற்று அடங்குமுன் கிளம்பிப் பாயைக் கிழித்துக்கொண்டோம். அடுத்த முறை எப்படிச் சமாளிப்பது?"

இடத்தை நன்றாகத்தான் பிடித்திருக்கிறீர்கள். கோடியக்கரையில் கரை சட்டென்று மேற்கே திரும்புகிறது. அங்கிருந்து முத்துப்பேட்டை வரை கரை தெற்கு பார்த்தது. வாடைக்காற்று நிலத்தின் மேலாக வருவதால் கரையோரம் அலை எழும்பாது. இதே இடம் ஆனி, ஆடியில் சோழகம் என்னும் தென்காற்று அடிக்கும்போது உதவாது. அப்போது வேதாரண்யம் பக்கத்துக் கிழக்குக் கரைதான் மறைவு.

இந்த மறைவிலும் ஒரு சங்கடம் உண்டு. காற்று கரையிலிருந்து கடலை நோக்கித் தள்ளுகிறது. நங்கூரம் நழுவினால் படகு எதிலும் மோதாது, சத்தமும் கேட்காது, மெதுவாக ஆழத்துக்குப் போகும். ஆழம் கூடக் கூட அதே கயிறு போதாமல் போய், பிடி இன்னும் தளரும். விடிந்து பார்த்தால் கரையே தெரியாது. இந்தப் பயம்தான் உங்களைத் தூங்கவிடவில்லை. சாப்பாடு, சண்டை, கிழிந்த பாய் எல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை.

கணக்கைப் பாருங்கள். ஆழம் 12 அடி, தண்ணீர் மட்டத்திலிருந்து அணியம் (படகின் முன்முனை) 3 அடி உயரம் என்று வைத்தால் மொத்தம் 15. சாதாரணக் காற்றுக்கு இதில் 5 மடங்கு, பலத்த காற்றுக்கு 7 மடங்கு கயிறு வேண்டும். அதாவது 105 அடி. நீங்கள் விட்டது பாதிகூட இல்லை! கயிறு குறைந்தால் இழுப்பு மேல்நோக்கி வந்து நங்கூரத்தைச் சேற்றிலிருந்து பிடுங்கிவிடும். நங்கூரத்தை அடுத்து இருபது, முப்பது அடி சங்கிலி இருந்தால் இழுப்பு தரையோடு படியும். அங்கே அடியில் சேறு. நாலு கொக்கி நங்கூரம் அதில் கத்தி போல வழுக்கிக்கொண்டு வரும். அகலத் தகடு வைத்த நங்கூரம்தான் புதைந்து நிற்கும். கயிறு படகின் விளிம்பில் உரசும் இடத்தில் பழைய ரப்பர் குழாயையோ சாக்கையோ சுற்றிக் கட்டுங்கள். இல்லாவிட்டால் ஒரே ராத்திரியில் கயிறு நார் நாராகிவிடும்.

பிடித்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்? அணியத்துக்குப் போய்க் கயிற்றின் மேல் உள்ளங்கையை வையுங்கள். இழுத்து, தளர்ந்து, மறுபடி இழுத்தால் சரி. நறநறவென்று அதிர்வு கைக்கு வந்துகொண்டே இருந்தால் நங்கூரம் இழுபடுகிறது. உடனே இன்னும் கயிறு விடுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் எடுத்து வேறிடத்தில் போடுங்கள். படகு இடம் நகர்ந்தால் அடிக்கும் நங்கூர அலாரத்தைப் போனில் வைக்கலாம், ஆனால் சார்ஜ் தீர்ந்த போன் அலாரம் அடிக்காது. நான் இரண்டையும் செய்வேன்.

காவல் ஆளுக்கு மூன்று மணி நேரம். காவலில் இருப்பவர் தூங்குபவரை அநாவசியமாக எழுப்பக் கூடாது. தூங்குபவரும் எழுந்து வந்து யோசனை சொல்லக் கூடாது. மாமாவிடம் இதை முன்கூட்டியே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். ராத்திரி முழுக்க எல்லாப் பக்கமும் தெரியும்படி வெள்ளை விளக்கு எரியட்டும். விசைப்படகுகள் இருட்டில் போய்வரும் வழி அது. படுக்கை படகின் நடுவில் இருந்தால் ஆட்டம் குறைவு. ஆளுக்கு ஒரு செட் துணியை பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டிவைத்து, தூங்க மட்டும் எடுங்கள். உப்பு ஏறிய துணி காயவே காயாது, படுக்கையையும் நனைத்துவிடும்.

சாப்பாட்டுக்கு ஒரே வழி, ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் அடுப்பு. குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்பாமல், அடுப்போடு கயிற்றால் கட்டி, சோறு வடியுங்கள். மிச்சத்தில் தண்ணீர் ஊற்றினால் மறுநாள் காலை பழைய சோறும் சின்ன வெங்காயமும். இடையில் அவல், வெல்லம், வறுத்த கடலை. புளிச்சோறு கட்டிப் போனால் முதல் நாள் அடுப்பே வேண்டாம். கருவாட்டை மட்டும் கரைக்கு வந்து சுட்டுக்கொள்ளுங்கள். மூடிய அறையில் அந்த வாசனைக்கு, குமட்டல் இல்லாதவருக்கும் குமட்டும். கேஸ் அடுப்பு என்றால் சமைத்ததும் சிலிண்டர் வால்வை மூடுங்கள். கசியும் கேஸ் காற்றைவிடக் கனமானது, படகின் அடியில் போய்த் தேங்கும். தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர், திட்டமிட்டதைவிட இரண்டு நாளைக்குக் கூடுதலாக.

பகலில் வேலை இல்லாததுதான் சண்டைக்கு விதை. ஊறும் தண்ணீரை இறைப்பது, பாயின் தையலைப் பார்ப்பது, கயிற்றைச் சரிபார்ப்பது என்று காலையில் ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டால் மத்தியானம் தாயம் ஆட மனசு வரும்.

இவ்வளவும் வெறும் பலத்த காற்றுக்குத்தான். புயல் என்றால் கதை வேறு. சுழல் கடக்கும்போது காற்று திசை மாறும். வாடைக்கு மறைவாக இருந்த இடம் சில மணி நேரத்தில் தெற்குக் காற்றுக்கு நேர் எதிரே நிற்கும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியதை மறந்திருக்க மாட்டீர்கள். வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்று கேட்டாலே படகைத் துறைக்குள் கொண்டுபோய்க் கட்டிவிட்டுக் கரையேறுங்கள். கடலில் மாட்டிக்கொண்டால் கடலோரக் காவல்படையின் எண் 1554, வி.எச்.எஃப். ரேடியோ இருந்தால் 16-ஆம் சேனல்.

எப்போது கிளம்புவது? வானிலை மையம் மீனவர்களுக்கான எச்சரிக்கையை விலக்கியிருக்க வேண்டும், காற்று அரை நாளாவது தணிந்திருக்க வேண்டும், மூன்று பேரும் தூங்கி எழுந்திருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் இன்னொரு நாள் பழைய சோறுதான்.

அப்புறம், நங்கூரம் தூக்கும்போது அணியத்தில் நிற்பவர் பக்கத்தில் ஒரு வாளி இருக்கட்டும். சங்கிலியோடு ஏறிவரும் கருஞ்சேற்றை அங்கேயே கழுவாமல் உள்ளே போட்டால் மல்லிப்பட்டினம் வரை நாறும்.