சர்க்கரைப் பணமும் சனிக்கிழமை ஆட்டமும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். பழைய கால்பந்து பற்றிப் போன மாதம் நீங்கள் எழுதிய கட்டுரையில் ஒரே ஒரு பத்தியில் ஆன்ட்ரூ வாட்சன் வந்துபோனார். 1881இல் ஸ்காட்லாந்துக்கு கேப்டனாக இருந்து இங்கிலாந்தை லண்டனிலேயே 6-1 என்று தோற்கடித்த கறுப்பினத்தவர் என்றும், கடைசியில் ஆஸ்திரேலியா போய் சிட்னியில் இறந்தார் என்றும் எழுதியிருந்தீர்கள்.

நான் அரசுப் பள்ளி உடற்கல்வி ஆசிரியன். மழையால் மைதானத்துக்குப் போக முடியாத ஒரு பீரியடில் அந்தப் பத்தியைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். பிளஸ் ஒன் பையன் ஒருவன் எழுந்து, "அப்போ அந்தக் காலத்து வெள்ளைக்காரன் நம்மளவிடத் தேவலையா சார்? இங்க டீம் எடுக்கையில எந்தத் தெருன்னுல்ல பாக்குறாங்க" என்று கேட்டுவிட்டான். எனக்குப் பதில் வரவில்லை. சம்பளம் வாங்காத அமெச்சூர் என்கிறீர்களே, அவர் வீட்டில் உலை எப்படிக் கொதித்தது? இன்னொரு மாணவன் செல்போனில் தேடி, அவர் கல்லறை லண்டனில் இருக்கிறது என்று காட்டினான். எது சரி?

எஸ்., விருதுநகர்

அன்புள்ள எஸ்.,

உங்கள் மாணவன் காட்டியதுதான் சரி. என்னிடம் இருந்த ஒரு பழைய விளையாட்டு மலரில் சிட்னி என்று இருந்தது, சரிபார்க்காமல் எடுத்துப் போட்டுவிட்டேன். ரொம்ப காலம் பலரும் அப்படித்தான் நம்பினார்கள் என்பது சாக்குதான். ஸ்காட்டிஷ் கால்பந்து வரலாற்றாளர் ஆண்டி மிட்செல் போன்றவர்கள் ஆவணங்களைக் கிளறிய பிறகு தெரிந்தது இது: வாட்சன் 1921 மார்ச் 8 அன்று லண்டனை ஒட்டிய கியூவில் நிமோனியாவில் இறந்தார். வயது 64. ரிச்மண்ட் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள். சிதைந்து கிடந்த கல்லறையைச் சில ஆண்டுகளுக்கு முன் சீர்செய்தும் விட்டார்கள்.

பையனின் கேள்விக்கு வர, உலை எப்படிக் கொதித்தது என்று நீங்கள் கேட்டதிலிருந்தே தொடங்கலாம். இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

காபிக் கடைகளில் பழுப்புச் சர்க்கரையைச் சின்னப் பொட்டலமாகத் தருவார்கள், அதன் மேல் 'டெமராரா' என்று அச்சடித்திருக்கும். அது ஒரு பகுதியின் பெயர். தென்னமெரிக்காவின் வடக்குக் கரையில் பிரிட்டிஷ் கயானா (இன்றைய கயானா நாடு), அதில் டெமராரா. வாட்சன் அங்கே 1856 மே 24 அன்று பிறந்தார். அப்பா பீட்டர் மில்லர் வாட்சன் ஸ்காட்லாந்துக்காரர், லிவர்பூலின் சான்ட்பாக் டின்னே நிறுவனத்தின் கரும்பு வியாபாரத்தில் இருந்தவர். அம்மா ஹன்னா ரோஸ், அந்த ஊர்ப் பெண். இருவருக்கும் திருமணம் ஆகவில்லை. அப்பா மகன் ஆன்ட்ரூவையும் மகள் அனெட்டாவையும் பிரிட்டனுக்குக் கூட்டிவந்தார். குடும்பக் கதையில் ஹன்னா ரோஸ் ஒரு பெயராக மட்டும் நின்றுபோகிறார்.

சிறுவன் இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸில் ஹீத் கிராமர் பள்ளியில் படித்தான், பிறகு லண்டன் கிங்ஸ் காலேஜ் பள்ளியில். 1869இல் அப்பா இறந்தபோது அவனுக்குப் பதின்மூன்று வயது, சொத்தில் பங்காக வந்தது 6000 பவுண்டு. கை தேர்ந்த தொழிலாளியே ஆண்டுக்கு நூறு பவுண்டைப் பார்க்காத காலம் அது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், வட்டியில் உட்கார்ந்து சாப்பிடலாம். 1875இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கணிதம், இயற்பியல், பொறியியல் படிக்கச் சேர்ந்து ஓராண்டில் விட்டுவிட்டார். ஒரு வியாபாரத்தில் பங்குதாரரானார். 1877இல் மேசை நாற்காலி செய்யும் தச்சர் ஒருவரின் மகள் ஜெஸ்ஸி ஆர்மரை மணந்தார். ரூபர்ட், ஆக்னஸ் என்று இரண்டு குழந்தைகள்.

ஆட ஆரம்பித்தது மேக்ஸ்வெல் என்ற சின்ன கிளப்பில். அங்கிருந்து பார்க்குரோவ், 1880இல் குவீன்ஸ் பார்க். பார்க்குரோவில் ஆடியதோடு போட்டிகளுக்கான செயலாளராகவும் இருந்தார். உங்களுக்கு இந்த வேலை தெரிந்திருக்கும்: மற்ற கிளப்களுக்குக் கடிதம் எழுதி நாள் குறிக்க வேண்டும், மைதானம் பிடிக்க வேண்டும், வராதவனுக்குப் பதில் ஆள் தேட வேண்டும். லீக் என்று ஒன்று இல்லாத காலத்தில் கடிதம் போகாவிட்டால் அந்தச் சனிக்கிழமை ஆட்டமே கிடையாது. பிறகு குவீன்ஸ் பார்க்கும் அவரைச் செயலாளராக்கியது. அன்றைக்கு ஸ்காட்லாந்தின் மிகப் பெரிய கிளப் அது. பேனாவும் நேரமும் உள்ளவர்தான் இந்த வேலையைச் செய்ய முடியும். அவரிடம் இரண்டும் இருந்தன.

இப்போது 1881 மார்ச்சைப் பாருங்கள். 12ஆம் தேதி, சனிக்கிழமை, லண்டன் ஓவல் மைதானம். வாட்சனுக்கு அதுதான் முதல் சர்வதேச ஆட்டம், அதிலேயே கேப்டன். ஆடிய இடம் ஃபுல் பேக், அதாவது கடைசித் தடுப்பு வரிசை. கோல்கீப்பருக்கு முன்னால் இரண்டு பேர், அவர்களுக்கு முன்னால் இரண்டு பேர், மிச்சம் ஆறு பேரும் முன்வரிசை. ஆங்கிலேயர்கள் பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு தனியாளாக ஓடுவதை வீரம் என்று நினைத்தார்கள். ஸ்காட்லாந்துக்காரர்கள் பக்கத்திலிருப்பவனுக்குத் தட்டிவிட்டு அடுத்த இடத்துக்கு ஓடினார்கள். ஜான் ஸ்மித் மூன்று கோல் போட்டார், மொத்தத்தில் 6-1. 1953இல் ஹங்கேரி லண்டனின் வெம்பிளி மைதானத்துக்கு வந்து 6-3 என்று அடித்ததைத்தான் எல்லோரும் பேசுவார்கள், ஆனால் சொந்த மண்ணில் இங்கிலாந்தின் மிகப் பெரிய தோல்வி இன்றுவரை இதுதான்.

அதே அணி 14ஆம் தேதி ரெக்ஸ்ஹாமில் வேல்ஸோடு ஆடி 5-1 என்று வென்றது. அது என்ன கிழமை? திங்கள். இதை ஸ்கோர் அட்டையாக வாசிக்காமல் சம்பளப் பட்டியலாக வாசியுங்கள். ஆலைத் தொழிலாளிக்குச் சனிக்கிழமை மதியம்தான் விடுப்பு. 1850ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் நெசவாலைகளைச் சனிக்கிழமை இரண்டு மணிக்கு நிறுத்தச் சொன்ன பிறகுதான் அதுவும் கிடைத்தது. லண்டன் போக வேண்டுமானால் வெள்ளிக்கிழமைக் கூலி போயிற்று, ரெக்ஸ்ஹாமில் நின்றால் திங்கட்கிழமையும் போயிற்று. அதைக் கிளப் ஈடுகட்டலாமா என்பதில்தான் பெரிய சண்டை வந்தது. இங்கிலாந்து 1885இல் சம்பள ஆட்டத்தை அனுமதித்தது, ஸ்காட்லாந்து 1893இல். 'விளையாட்டுக்காகவே விளையாட்டு' என்ற லத்தீன் வாசகத்தைக் குறிக்கோளாக வைத்திருந்த குவீன்ஸ் பார்க் 2019 வரை அமெச்சூராகவே இருந்தது. வாசகம் அழகுதான், திங்கட்கிழமைக் கூலியைப் பற்றிக் கவலை இல்லாதவருக்கு.

ஆக உங்கள் மாணவனிடம் சொல்ல வேண்டிய முதல் விஷயம் இது. அங்கேயும் தெரு பார்த்தார்கள். வாட்சன் சரியான தெருவிலிருந்து வந்தார். பள்ளி, பேச்சு, உடுப்பு, வங்கிக் கணக்கு எல்லாம் அவர்களுடையது போலவே இருந்தன. கிளப் கமிட்டியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அவர் 'நம்மில் ஒருவர்'. அந்நாளைய ஆட்டச் செய்திகள் அவர் நிறத்தைப் பற்றிப் பேசுவதில்லை, எல்லோரும் கறுப்பு பூட்ஸ் போட்டபோது அவர் பழுப்பு பூட்ஸ் போட்டதைத்தான் குறித்தன என்று சொல்வார்கள். இதைப் பெருந்தன்மைக்குச் சான்றாகக் காட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த அவசரம் இல்லை. செய்தித்தாள் எழுதாததெல்லாம் தெருவில் யாரும் சொல்லாதது ஆகாது.

அதற்காகக் காசு கொடுத்து இடம் வாங்கினார் என்று யாராவது சொன்னால் விட்டுவிடாதீர்கள். நல்ல வேகம், அருமையாகப் பந்தைப் பறிப்பார், உதை பலமானது, குறி தப்பாது, எந்தப் பிரதிநிதி அணியிலும் இடம் பெறத் தகுந்தவர் என்ற பொருளில் அந்தக் காலத்து ஸ்காட்டிஷ் கால்பந்துச் சங்க ஆண்டு மலரே எழுதியது. பணம் அவருக்கு மைதானத்தின் கதவைத்தான் திறந்துவிட்டது.

ஸ்காட்லாந்துக்கு அவர் ஆடியது மூன்றே ஆட்டம். மூன்றாவது 1882 மார்ச்சில் கிளாஸ்கோவில், மறுபடியும் இங்கிலாந்து, 5-1. அந்த ஆண்டே லண்டனுக்குக் குடிபோனார், சர்வதேச ஆட்டம் அத்தோடு முடிந்தது. உள்ளூரில் ஆடுகிறவர்களை மட்டுமே ஸ்காட்லாந்து தேர்ந்தெடுத்த காலம் அது, அந்த வழக்கத்தை 1896இல்தான் விட்டார்கள். லண்டனில் முதலில் ஸ்விஃப்ட்ஸ், பிறகு கொரிந்தியன் கிளப். இந்தக் கொரிந்தியன் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஸ்காட்லாந்திடம் ஆண்டுதோறும் அடிவாங்கி அலுத்துப்போய், நல்ல ஆங்கில அமெச்சூர்களை ஒன்றாக ஆடிப் பழகவைக்க வேண்டும் என்றே 1882இல் தொடங்கிய கிளப் அது. அடித்த அணியின் கேப்டனையே அவர்கள் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டார்கள். 1884இல் இங்கிலாந்துக் கிளப்களின் பெரிய போட்டியான எஃப்.ஏ. கோப்பையை வென்ற பிளாக்பர்ன் ரோவர்ஸை, வென்ற கொஞ்ச காலத்திலேயே கொரிந்தியன் 8-1 என்று அடித்தது.

வீட்டில் நிலைமை வேறு. லண்டன் வந்த சில மாதங்களிலேயே ஜெஸ்ஸி இறந்துபோனார். இரண்டு குழந்தைகளும் கிளாஸ்கோவில் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தார்கள். அவருடைய வாழ்க்கைக் குறிப்புகளில் இது ஒரு வரிதான், ஆனால் கோல் கணக்கையெல்லாம்விட எனக்கு இதுதான் மனதில் நிற்கிறது. தாயைக் கடலுக்கு அப்பால் விட்டுவந்த பையன், தன் பிள்ளைகளையும் தள்ளி வளரவிட்டான். 1887இல் எலிசா டைலர் என்பவரை மறுமணம் செய்தார். ஹென்றி, ஃபிலிஸ் என்று இன்னும் இரண்டு குழந்தைகள். லிவர்பூலுக்குக் குடிபெயர்ந்து பூட்டில் கிளப்பில் கொஞ்சம் ஆடினார். பிறகு கப்பல் என்ஜினியர் வேலை. அப்பா விட்டுப்போன பணத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது முடிந்து, எண்ணெய்க் கறையோடு என்ஜின் அறையில் நின்று சம்பாதித்த ஆண்டுகள் அவை. சான்ட்பாக் டின்னே நிறுவனத்தின் அதே லிவர்பூலில்.

அந்தப் பணத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். 1834இல் பிரிட்டிஷ் காலனிகளில் அடிமைமுறை ஒழிந்தபோது அரசு 2 கோடி பவுண்டு நஷ்டஈடு கொடுத்தது, அடிமைகளுக்கு அல்ல, அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு. 1838இல் முழு விடுதலை வந்ததும் கரும்பு வெட்ட ஆள் வேண்டும் என்று தோட்டக்காரர்கள் தவித்தார்கள். பின்னாளில் பிரதமரான கிளாட்ஸ்டனின் அப்பா ஜான் கிளாட்ஸ்டன் டெமராராவில் பெரிய தோட்டக்காரர். கல்கத்தாவுக்குக் கடிதம் எழுதி ஆள் கேட்டார். விட்பி, ஹெஸ்பரஸ் என்ற இரண்டு கப்பல்களில் 1838இல் முதல் இந்தியக் கூலிகள் போய் இறங்கினார்கள். 1845 முதல் சென்னையிலிருந்தும் கப்பல் போனது. 1917 வரை கயானாவுக்குப் போன இந்தியர்கள் கிட்டத்தட்ட 2,39,000 பேர், அவர்களில் நம் பக்கத்துத் தமிழரும் உண்டு. இன்றும் கயானாவில் 'மதராசி' கோயில் என்று சொல்லி மாரியம்மனைக் கும்பிடுகிறார்கள். வாட்சன் பிறந்த 1856இல் அந்தத் தோட்டங்களில் அரிவாள் பிடித்தவர்களில் நம் ஆட்களும் இருந்தார்கள். ஓவல் மைதானத்துக்குப் போன ரயில் டிக்கெட்டில் யார் யார் வியர்வை என்று கணக்குப் போட்டால் விருதுநகர் பக்கமும் ஒரு கோடு வரலாம்.

ஸ்காட்லாந்து சட்டையில் அடுத்த கறுப்பின ஆட்டக்காரர் நைஜல் குவாஷி, 2004இல். நடுவில் 122 ஆண்டு. வெள்ளைக்காரன் தேவலையா என்று கேட்ட பையனிடம் இந்த எண்ணைச் சொல்லுங்கள், அவனே கழித்துக் கூட்டிக்கொள்வான். தெரு பார்த்து டீம் எடுக்கிறார்கள் என்றானே, அதை யார் செய்கிறார்கள் என்றும் அவனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

கட்டுரையில் சிட்னியை எடுத்துவிட்டு கியூ என்று போட்டுவிட்டேன். செல்போனில் தேடியவனுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.