பொன்னாங்காணி என்று நாம் நட்டது

மதிப்பிற்குரிய ஐயா,

மெல்பேர்னின் தென்கிழக்குப் புறநகர் ஒன்றில் வசிக்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் கோயிலில் அறிமுகமான ஓர் அக்கா தந்த நான்கைந்து பொன்னாங்காணித் தண்டுகளைப் பின்வளவில் நட்டேன். இப்போது அது புல்தரை வரை பரவிவிட்டது. வறைக்கு நன்றாக இருக்கிறது. உண்டவர் எவருக்கும் தீங்கு நேர்ந்ததில்லை. ஆனால் அது பொன்னாங்காணியே அல்ல, தடைசெய்யப்பட்ட களை என்கிறான் மகன். உண்ணும் கீரையை எதற்காகத் தடை செய்ய வேண்டும்? தொட்டியில் மட்டும் வளர்த்தால் போதாதா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகன் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். உறுதியாகச் சொல்லப் பூவைப் பார்க்க வேண்டும். ஆனால் கறிக்காக வாரந்தோறும் நுனி கிள்ளப்படும் செடி பூப்பதற்கு நாம் இடம் கொடுப்பதில்லை, இத்தனை ஆண்டுக் குழப்பத்துக்கும் அதுவே காரணம். உண்மையான பொன்னாங்காணியும், அலிகேட்டர் வீட் என்னும் அந்தக் களையும் ஒரே பேரினத்துச் செடிகள். எதிரெதிராக இலை விடுபவை, கணுவுக்குக் கணு வேர் இறக்குபவை. நம் ஊர்ப் பொன்னாங்காணியின் வெள்ளைப் பூக்கள் காம்பில்லாமல் இலைக்கக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அலிகேட்டர் வீடின் பூவோ வெள்ளை வாடாமல்லியைச் சிறிதாக்கி வைத்தாற்போல, சில சென்டிமீட்டர் நீளமுள்ள காம்பின் நுனியில் உருண்டையாகத் தனித்து நிற்கும். அதன் முற்றிய தண்டை ஒடித்தால் உள்ளே குழல்போல் வெறுமையாக இருக்கும்.

தென் அமெரிக்காவைச் சேர்ந்த இச்செடி 1940களில் நியூகாசில் துறைமுகப் பக்கத்தில், கப்பல்களில் பாரத்துக்காக ஏற்றிவந்த மண்ணோடு அவுஸ்திரேலியாவுக்குள் நுழைந்ததாகக் கருதப்படுகிறது. ஆறுகளையும் வாய்க்கால்களையும் மூடும் களையாகவே அது அறியப்பட்டிருந்தது. 1990களில் அதே செடி நூற்றுக்கணக்கான வீட்டுத் தோட்டங்களில் பாத்தி கட்டி, நீரூற்றி வளர்க்கப்படுவதைக் களை ஆய்வாளர்கள் கண்டறிந்தபோது, அவ்வீடுகள் பெரும்பாலும் இலங்கையருடையவையாக இருந்தன. சிங்களவர் முகுணுவென்ன என்றும் நாம் பொன்னாங்காணி என்றும் நம்பி உண்டுவந்தது இதைத்தான். அவ்வீடுகளைப் போன்ற ஒன்றில்தான் நானும் இருந்தேன். ஊரை விட்டு வந்த முதல் ஆண்டில் ஒரு பிடி பொன்னாங்காணி கிடைத்த மகிழ்ச்சியில், தண்டை ஒடித்துப் பார்க்க எனக்குத் தோன்றவேயில்லை.

தீங்கு உண்பதில் இல்லை என்று நீங்கள் எழுதியதை ஒருவகையில் ஒப்புக்கொள்கிறேன். கழிவுநீர் ஓடும் இடங்களில் வளர்வதை மட்டும் தொடக்கூடாது, ஏனெனில் நீரிலுள்ள உலோகங்களை உறிஞ்சிச் சேர்த்துக்கொள்ளும் தன்மை அதற்கு உண்டு. ஆனால் ஒரு செடி உணவாவதும் அது பரவாமல் இருப்பதும் வெவ்வேறு செய்திகள். சீனத்தில் பன்றித் தீவனமாக இதை ஊக்குவித்து வளர்த்தார்கள். இன்று அந்நாட்டின் நீர்நிலைகளிலும் வயல்களிலும் ஒழிக்க முடியாத களைகளுள் இதுவும் ஒன்று. பன்றிகளும் மனிதரும் தின்று தீர்க்கும் வேகத்தைவிட அது வளரும் வேகம் அதிகம்.

அவுஸ்திரேலியாவில் இது முளைக்கும் விதையை உண்டாக்குவதில்லை, கணுவுள்ள சிறு துண்டிலிருந்தே புதுச் செடியாகிறது. விதையில்லாத செடி அத்தனை தோட்டங்களுக்கு எப்படிப் போயிற்று? கோயிலில் அந்த அக்கா உங்களுக்குக் கொடுத்தது போல, ஒருவர் கைமாற்றி ஒருவருக்குக் கொடுத்துத்தான். தொட்டி பற்றிய உங்கள் கேள்விக்கும் விடை இதிலேயே இருக்கிறது. தொட்டியில் வளர்ந்தாலும் நீங்கள் கிள்ளத்தான் போகிறீர்கள்; ஆய்ந்து கழித்த முற்றல் தண்டு குப்பைக்கோ உரக்குழிக்கோ போகும், தொட்டி விளிம்பைத் தாண்டித் தொங்கிய கொடி ஒடிந்து விழும், பெருமழையில் அத்துண்டு தெருவோர மழைநீர் வடிகாலான கானுக்குள் இறங்கும். மெல்பேர்னில் தெருக்கானின் நீர் நேரே ஓடைக்குப் போகிறது. ஓடையில் மிதக்கும் படர்ப்பைத் தின்பதற்காக 1970களில் தென் அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு வண்டை வரவழைத்து விட்டார்கள். வெப்பமான இடங்களில் நீரின்மேல் அது நன்றாகவே வேலை செய்தது, ஆனால் தரையில் வேரூன்றிய செடியிடம் அதன் பாச்சா பலிக்கவில்லை.

ஆகவே தொட்டியும் வேண்டாம். நீங்களாகப் பிடுங்கவும் வேண்டாம். மண்ணுக்குள் ஓடும் தடித்த வேர்த்தண்டு அறுபட்டால் ஒவ்வொரு துண்டும் தளிர்க்கும், புல்வெட்டி இயந்திரம் ஓட்டினால் கேட்கவே வேண்டியதில்லை. விக்டோரியாவில் இது மாநில அளவில் தடைசெய்யப்பட்ட களை என்பதால், அகற்றும் பொறுப்பும் செலவும் அரசின் விவசாயத் துறையைச் சேர்ந்தவை. படம் எடுத்து அவர்களுக்கு அனுப்புங்கள். அவர்கள் வரும்வரை அந்தப் பக்கம் புல் வெட்டாதீர்கள்.

ஊரிலிருந்து உண்மையான பொன்னாங்காணித் தண்டைப் பயணப்பெட்டியில் கொண்டுவர நினைத்தால், அது வேறொரு குற்றம். அவுஸ்திரேலியாவில் இயல்பாகவே வளரும் ஒரு பொன்னாங்காணி இனம் உண்டு. இந்தக் களைக்கு மாற்றாக நம்மவருக்குப் பரிந்துரைக்கப்பட்டது அதுதான். இலை சற்று ஒடுக்கம், பூவுக்குக் காம்பில்லை. தேங்காய்ப்பூவும் சின்ன வெங்காயமும் சேர்த்து நான் வறை செய்து பார்த்தேன்; பழைய சுவை முழுவதும் வரவில்லை, ஆயினும் சோற்றோடு நன்றாகவே சேர்ந்தது.

உங்களுக்குத் தண்டு தந்த அக்காவிடமும் சொல்லுங்கள். அவர் இன்னும் எத்தனை பேருக்குக் கொடுத்தார் என்பது அவருக்குத்தான் தெரியும்.