13 லட்சம் போட்டதற்கு நோட்டீஸ்: மண்டபக்காரரை விட்டுவிட்டு என்னை ஏன் கேட்கிறார்கள்?

கேள்வி: கடலூர் துறைமுகத்தில் ஏலத்தில் மீன் எடுத்து நெல்லிக்குப்பம், பண்ருட்டி பக்கம் விற்கிறேன். எல்லாம் ரொக்கம்தான். 2022-23ஆம் நிதியாண்டில் சேமிப்புக் கணக்கில் 13 லட்சம் போட்டிருக்கிறேன் என்று 148ஏ பிரிவில் நோட்டீஸ் வந்திருக்கிறது. நான் ரிட்டர்ன் போட்டதே இல்லை. எங்கள் ஊரில் இரண்டு கல்யாண மண்டபம் வைத்திருப்பவரை யாரும் கேட்பதில்லை. பணக்காரர்களைத்தானே ஐயா முதலில் விசாரிக்க வேண்டும்?

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. வந்திருப்பது வரி கட்டச் சொல்லும் உத்தரவு இல்லை. உங்கள் கணக்கை ஏன் மறுபடி பார்க்கக் கூடாது என்று விளக்கம் கேட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். சேமிப்புக் கணக்கில் ஒரே ஆண்டில் 10 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் போட்டால் வங்கி அதை வருமான வரித்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். அந்தத் தகவல் உங்கள் பான் எண்ணில் இருக்கிறது, ரிட்டர்ன் இல்லை. நோட்டீஸுக்கு அதுவே போதும்.

ஆனால் 13 லட்சம் உங்கள் வருமானம் இல்லையே! காலையில் எடுத்து, ஏலத்தில் கொடுத்து, விற்று, மறுபடி போட்ட அதே பணம் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது. பாஸ்புக்கில் போட்டதும் எடுத்ததும் இரண்டுமே இருக்கும். அதுதான் உங்கள் முதல் சாட்சி. சிறு வியாபாரிகளுக்கான 44ஏடி பிரிவில், ரொக்க விற்பனையில் 8 சதவீதத்தை லாபமாகக் காட்டலாம். 13 லட்சம் முழுவதும் விற்பனைப் பணம் என்றால் லாபம் 1,04,000 ரூபாய். வேறு வருமானம் இல்லையென்றால், அந்த ஆண்டின் 2.5 லட்சம் வரம்புக்குள் அது அடங்கிவிடும், வரியே வராது. ஒன்று மட்டும் கவனியுங்கள். நீங்களே மீனை வாங்கி விற்றால்தான் இந்தக் கணக்கு. படகுக்காரர் மீனை ஏலம் விட்டுக் கொடுத்து கமிஷன் வாங்குபவர் என்றால் 44ஏடி பொருந்தாது. அப்போது கணக்கில் வந்துபோனது படகுக்காரர் பணம், கமிஷன் மட்டுமே உங்களுடையது என்று காட்ட வேண்டும்.

இந்தத் தொழில் ரொக்கத்தில்தான் நடக்கும் என்பது துறைக்கும் தெரியும். ஒரு நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் செலவாக ஏற்க மாட்டோம் என்ற விதியிலிருந்து, மீன் பிடித்தவரிடம் மீன் வாங்குவதற்கு விலக்கு உண்டு. கரையில் மீனைப் பிரித்து விற்கும் மீனவர் தலைவரும் அதில் அடங்குவார் என்று 2008இல் சுற்றறிக்கையே வந்திருக்கிறது.

இனி மண்டபக்காரர். அவருக்கு நோட்டீஸ் வந்திருந்தாலும் நமக்குத் தெரியாது, அது ரகசியம். அவர் பெரிய தொகைக்குச் சொத்து வாங்கினால் சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்தும் தகவல் போகும். ஆனால் பத்திரத்தில் குறைத்துக் காட்டிவிட்டுக் கையில் கொடுத்த பணம் எந்தத் தகவலிலும் வராது. உங்கள் ஆதங்கம் நியாயம் என்று நான் சொல்வது அதனால்தான். நேர்மையாக வங்கியில் போட்ட நீங்கள் கண்ணில் படுகிறீர்கள், போடாதவர் படுவதில்லை.

எனவே பெரும் செல்வம் உள்ளவர்களைக் கூடுதலாகக் கவனிக்கத்தான் வேண்டும். பணம் இருப்பது குற்றம் என்பதற்காக இல்லை. சம்பளக்காரரின் வருமானத்தை அவருடைய கம்பெனியே சொல்லிவிடுகிறது. பல நிறுவனம், பல பினாமி என்று பிரித்து வைக்க முடிந்தவரின் வருமானம் அவர் சொன்னால்தான் தெரியும். சட்டத்திலும் இந்த வித்தியாசம் கொஞ்சம் இருக்கிறது. மறைத்த வருமானம் 50 லட்சத்துக்குக் குறைவு என்றால் சுமார் மூன்று ஆண்டுகள் வரைதான் பழைய கணக்கைத் திறக்கலாம், 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் சுமார் ஐந்து ஆண்டுகள் வரை போகலாம்.

அமெரிக்காவிலும் இதே குறை இருந்தது. குறைந்த வருமானக்காரர்களுக்கான வரிச்சலுகை கேட்டவர்களைத் தபாலிலேயே தணிக்கை செய்வது சுலபம். செல்வந்தரின் கணக்கைப் பிரித்துப் பார்க்க அனுபவசாலிகள் வேண்டும், மாதக்கணக்காகும். 2022இல் அங்கே வரித்துறைக்குக் கூடுதல் நிதி ஒதுக்கியபோது, ஆண்டுக்கு 4 லட்சம் டாலருக்குக் கீழ் சம்பாதிப்பவர்கள் மீது தணிக்கை விகிதம் கூடக் கூடாது என்று நிதியமைச்சர் எழுத்தில் உத்தரவிட்டார். இப்படி வரம்பு எழுத்தில் இருப்பது முக்கியம். அதிகாரியின் விருப்பத்துக்கு விட்டால் பணக்காரர் என்பதற்கு அவரவர் ஓர் அர்த்தம் சொல்வார்கள்.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். நோட்டீஸில் உள்ள டின் (DIN) எண்ணை, அதாவது அந்த நோட்டீஸுக்கென்று துறை தரும் அடையாள எண்ணை, வருமான வரி இணையதளத்தில் சரிபாருங்கள். போலி நோட்டீஸும் உலவுகிறது. அந்த ஆண்டின் வங்கி ஸ்டேட்மென்ட், ஏலச் சிட்டைகள், ஐஸ், வண்டி வாடகைக் கணக்கு எழுதிய நோட்டு என்று கையில் இருப்பதையெல்லாம் எடுங்கள். சிட்டை கொஞ்சம்தான் இருக்கிறதா, அதையே வையுங்கள். இல்லாததை இப்போது புதிதாக எழுதிச் சேர்க்காதீர்கள், அதுதான் ஆபத்து. பதிலை நோட்டீஸில் போட்ட தேதிக்குள் இணையதளம் வழியாகவே அனுப்ப வேண்டும். பதிலே போகாவிட்டால் அதிகாரி தன்னிடம் உள்ள தகவலை மட்டும் வைத்து முடிவெடுப்பார். அப்போது 13 லட்சமும் உங்கள் வருமானமாகவே நிற்கலாம்.

இனி 10 லட்சம் தாண்டக் கூடாது என்று இரண்டு மூன்று வங்கியில் பிரித்துப் போடவும் வேண்டாம். வியாபாரத்துக்கென்று தனியாக ஒரு நடப்புக் கணக்கு திறந்து, வரி வராவிட்டாலும் ஆண்டுதோறும் ரிட்டர்ன் போட்டுவிடுங்கள்.