எரிமலைப் பாறையை வைத்து பூமியின் பழைய காந்தப்புலத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? அதை நம்பலாமா?

பாறைகளின் காந்தத்தை அளக்கும் ஆய்வகம் ஒன்றில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். பழைய புலம் எந்தத் திசையில் இருந்தது என்று சொன்னால் பெரும்பாலும் நம்பலாம். எவ்வளவு வலுவாக இருந்தது என்று சொன்னால், எப்படி அளந்தார்கள் என்று கேட்டுவிட்டு நம்புங்கள்.

லாவா வெளியே வரும்போது அதன் சூடு ஏறக்குறைய 1,100 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டில் அதில் இருக்கும் எந்தக் கனிமத்துக்கும் நிலையான காந்தம் கிடையாது. ஆறிக்கொண்டே வந்து 580 டிகிரிக்குக் கீழே இறங்கும்போதுதான் மேக்னடைட் என்ற இரும்புக் கனிமத்தின் துகள்கள் காந்தமாகின்றன. அந்த நேரத்தில் அந்த இடத்தில் புவிக்காந்தப்புலம் எந்தப் பக்கம் இருந்ததோ, அந்தப் பக்கமே இவையும் காந்தமேறி, மேலும் ஆறியதும் அப்படியே நிலைத்துவிடுகின்றன. குழம்புக்குள் துகள்கள் திசைகாட்டி முள் போலத் திரும்புவதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பாறை அதற்கு முன்பே கெட்டியாகிவிடுகிறது. துகள் அசைவதில்லை, அதற்குள் இருக்கும் காந்தம்தான் திசை பிடிக்கிறது.

இந்தக் காந்தம் சில இடங்களில் இன்றைய புலத்துக்கு நேர் எதிராக இருப்பதை 1906ல் பிரான்சில் பெர்னார்ட் புருன் கவனித்தார். லாவாவை மட்டும் அளந்திருந்தால், இந்தப் பாறையே இப்படித்தான் என்று யாராவது தள்ளிவிட்டிருப்பார்கள். அவர் அதன் அடியில் சூட்டில் வெந்துபோன களிமண்ணையும் அளந்தார். அதுவும் எதிர்த்திசையிலேயே இருந்தது. சம்பந்தமே இல்லாத இரண்டு பொருள்கள் ஒரே பதிலைச் சொன்னால் மாறியது புலமாகத்தான் இருக்க வேண்டும். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த வாதம் இது. 1929ல் ஜப்பானின் மோட்டோனோரி மட்டுயாமா, எதிர்த்திசைப் பாறைகள் ஒரு குறிப்பிட்ட காலத்தைச் சேர்ந்தவை என்று காட்டினார். 1960களில் பொட்டாசியம்-ஆர்கான் முறையில் வயது கணித்து, தலைகீழ் மாற்றங்களுக்கு ஒரு கால அட்டவணையே போட்டுவிட்டார்கள். கடைசி மாற்றம் நடந்து ஏறத்தாழ 7.7 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன.

சரி, களத்தில் என்ன செய்கிறோம்? தண்ணீர் விட்டுக்கொண்டே வைரமுனைக் குழாயால் பாறையில் சுமார் 2.5 செ.மீ. விட்டமுள்ள உருளையைத் துளைக்கிறோம். உடைத்து எடுப்பதற்கு முன்பே அதன் சாய்வையும் திசையையும் குறித்து, மேலே கோடு போட வேண்டும். கோடு தப்பினால் கல் வெறும் கல்தான். சாதாரண திசைகாட்டியை முழுக்க நம்ப முடியாது, சுற்றியிருக்கும் பசால்ட் என்ற எரிமலைப் பாறையே முள்ளை இழுத்துவிடும். அதனால் சூரியனின் நிழலையும் மணியையும் குறித்து வைத்துத் திசையைக் கணக்கிடுகிறோம். இன்னொரு தொல்லை மின்னல். மலைமுகட்டில் மின்னல் விழுந்த பாறை பழைய செய்தியை இழந்து, புதுக் காந்தத்தை ஏற்றிக்கொண்டிருக்கும்.

திசையைப் பிரித்தெடுப்பது சுலபம். காந்தப்புலமே இல்லாத அடுப்பில் படிப்படியாகச் சூடாக்கினால், பின்னால் ஒட்டிக்கொண்ட பலவீனமான காந்தம் பெரும்பாலும் முதலில் போய்விடும். உள்ளே இருக்கும் பழையது மிஞ்சும்.

வலிமைதான் பாடாய்ப் படுத்தும். தெலியே தம்பதியர் 1959ல் வெளியிட்ட முறையைத்தான் இன்றும் பல வடிவங்களில் பயன்படுத்துகிறோம். ஒவ்வொரு வெப்பநிலையிலும் இரண்டு முறை சூடாக்க வேண்டும்: ஒரு முறை புலம் இல்லாமல், அப்புறம் நமக்குத் தெரிந்த ஒரு புலத்தில். இழந்த காந்தம், புதிதாகப் பெற்றதில் பாதி என்றால் பழைய புலமும் நாம் கொடுத்ததில் பாதி. கணக்கு எளிது. ஆனால் சூடாக்கும்போதே பாறைக்குள் புது மேக்னடைட் உருவாகிவிட்டால் கணக்கு கெட்டுவிடும். அதனால் அவ்வப்போது குறைந்த வெப்பநிலைக்குத் திரும்பிப்போய் மறுபடி அளந்து, மாறியிருக்கிறதா என்று பார்க்கிறோம். மாறியிருந்தால் அந்த மாதிரியை ஒதுக்க வேண்டியதுதான். ஹவாயில் 1960ல் வழிந்த லாவாவில் பலர் இதைச் சோதித்திருக்கிறார்கள். அன்றைய புலம் சுமார் 36 மைக்ரோடெஸ்லா என்று முன்பே தெரியும். அப்படியும் விடைகள் சிதறின, பல அளவுக்கு அதிகமாக வந்தன. எத்தனை மாதிரிகளை ஒதுக்கினார்கள், ஏன் ஒதுக்கினார்கள் என்று சொல்லாத கட்டுரையை நான் நம்பமாட்டேன்.

இவ்வளவு கவனத்தையும் மீறி சிக்கல் வரும். அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் ஸ்டீன்ஸ் மலை லாவாக்கள் சுமார் 1.6 கோடி ஆண்டுகள் பழையவை, ஒரு தலைகீழ் மாற்றத்தின் நடுவே வழிந்தவை. ஒரே லாவா அடுக்குக்குள் திசை மாறிக்கொண்டே போனதைப் பார்த்து, புலம் நாளுக்கு 6 டிகிரி வரை திரும்பியிருக்கலாம் என்று 1995ல் எழுதினார்கள். காந்தப்புலத்தை உருவாக்கும் பூமியின் வெளிக்கருவில் அவ்வளவு வேகம் எப்படிச் சாத்தியம் என்று பெரிய விவாதம் நடந்தது. பிறகு அதே பாறைகளை, ஆறவைத்து அளக்காமல், சூடேறிக்கொண்டிருக்கும்போதே தொடர்ந்து அளந்து பார்த்தார்கள். மேலே வந்து படிந்த அடுத்த லாவாவின் சூடு கீழ் அடுக்கின் காந்தத்தில் ஒரு பகுதியை மாற்றியிருந்தது, வழக்கமான அளவீட்டில் அது பிரிந்து தெரியவில்லை. 2014ல் அந்த அதிவேகக் கருத்தைக் கைவிடுவதாகக் கட்டுரை வந்தது. அதன் முதல் ஆசிரியர், 1995 கட்டுரையையும் முன்னின்று எழுதிய ராபர்ட் கோ (Robert Coe) தான்.