150 மீட்டர் போதும் என்கிறாரா ஏஜென்ட்? முதலில் தராசைக் கொண்டுவரச் சொல்லுங்கள்

கேள்வி: கிள்ளானில் இருக்கிறேன், வயது 58, தொழிற்சாலை டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். உதிரிபாகங்களாக வரும் கிட்டை வாங்கி ஒருவர் வீட்டிலேயே கட்டிய ஜெனித் சிஎச் 701 விமானம் விலைக்கு வருகிறது. எஞ்சின் பூட்டியாகிவிட்டது, இன்னும் பறக்கவில்லை. காலி எடை 263 கிலோ, 150 மீட்டரில் மர உயரத்தைத் தாண்டிவிடும் என்கிறார் ஏஜென்ட். உறவினரின் செம்பனைத் தோட்டத்தில் 300 மீட்டருக்கு நேரான புல் சடக்கு இருக்கிறது. நானும் மருமகனும் (88, 92 கிலோ) அங்கிருந்து கிளம்ப முடியுமா? 5,000 ரிங்கிட் முன்பணம் இந்த வாரமே வேண்டுமாம்.

பதில்: ஐயா, அந்த 5,000 ரிங்கிட்டை இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். "இந்த வாரமே" என்று எவன் சொன்னாலும் அங்கே எதையோ நீங்கள் பார்க்கக் கூடாது என்றுதான் அர்த்தம்.

விமானம் நல்ல விமானம்தான், அதில் சந்தேகமில்லை. கிறிஸ் ஹைன்ட்ஸ் வடிவமைத்தது. இறக்கையின் முன்விளிம்பில் அசையாமல் நிற்கும் ஸ்லாட் என்ற மெல்லிய பட்டை இருப்பதால் மெதுவான வேகத்திலேயே தரையை விட்டு எழும். ஆனால் 150 மீட்டர் போன்ற எண்கள் எல்லாம் 15 டிகிரி வெப்பம், கடல் மட்டம் என்ற கணக்கில் வருபவை. கிள்ளானில் மத்தியானம் மூன்று மணிக்கு 33 டிகிரி. அந்தக் காற்று சுமார் 6 சதவீதம் லேசு. நீங்கள் கடலோரத்தில் நின்றாலும், எஞ்சினுக்கும் இறக்கைக்கும் 2,000 அடிக்கு மேல் உயரமான ஒரு மலைமேல் நிற்பது போலத்தான்.

டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் கருவி) போட்டால் போதும் என்று ஏஜென்ட் அடுத்துச் சொல்வார், அதனால் இந்த ஒரு விதிவிலக்கை மட்டும் கொஞ்சம் நீட்டியே சொல்லிவிடுகிறேன். ரோட்டாக்ஸ் 914 டர்போ எஞ்சின்தான், 5 நிமிடத்துக்கு 115 குதிரைசக்தி தரும், காற்று லேசாக இருப்பதை எஞ்சின் அவ்வளவாக உணராது. சரி, இறக்கைக்கு டர்போ இருக்கிறதா? இல்லையே. அதே தூக்குவிசை கிடைக்க விமானம் தரையில் 3 சதவீதம் கூடுதல் வேகத்தில் ஓட வேண்டும், அதற்கு ஏறத்தாழ 6 சதவீதம் கூடுதல் தூரம் வேண்டும், டர்போவின் சொந்த எடை வேறு. ஆக டர்போ பாதிக் கவலையைத்தான் தீர்க்கும். அப்புறம், எஞ்சின் தட்டில் 912 என்று மட்டும் இருந்தால் அது டர்போவே இல்லை, வாயால் சொல்வதை நம்பாதீர்கள்.

இப்போது எடைக்கு வருவோம். பந்திங் பக்கம் ஒரு கொட்டகையில் இதே மாடலை ஒரு நண்பருக்காக எடை போட்டேன். விற்பவர் தாளில் 265 கிலோ. டாங்கைக் காலி செய்து, ரசமட்டம் வைத்து விமானத்தைச் சமமாக நிறுத்தி, மூன்று சக்கரத்துக்கும் கீழே மூன்று தராசு வைத்தோம். முன் சக்கரம் 62, இடது 118, வலது 121. கூட்டினால் 301. கூடுதல் எடை எங்கிருந்து வந்தது? கம்பளம், தடிமனான இருக்கை மெத்தை, தேவையில்லாத மீட்டர்கள், வால் பக்கம் பெயிண்டைச் சுரண்டினால் அடியில் வழிய வழியப் பூசிய பட்டி. வால் பக்கம் எடை கூடினால் ஸ்டாலிலிருந்து (மூக்கு அளவுக்கு மீறித் தூக்கி, இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலை) மூக்கைக் கீழே கொண்டுவரவே முடியாமல் போகலாம், அது மொத்த எடையை விட மோசம்.

உங்கள் விமானமும் 301 என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இருவரும் 180 கிலோ, 50 லிட்டர் பெட்ரோல் 36 கிலோ, மொத்தம் 517. இந்த மாடலுக்கு உச்ச எடை 499. பையில் ஒரு தண்ணீர் பாட்டில் கூட வைக்காமலேயே 18 கிலோ தாண்டிவிட்டீர்கள்.

தனியார் விமானிகளுக்குப் பிரிட்டனின் விமானத் துறை தரும் தோராயக் கணக்கு ஒன்று உண்டு. 10 டிகிரி கூடினால் தூரம் 10 சதவீதம் கூடும், 10 சதவீத எடைக்கு 20 சதவீதம், ஈரப் புல்லுக்கு 30 சதவீதம், இதையெல்லாம் ஒன்றோடொன்று பெருக்கி, கடைசியில் பாதுகாப்புக்காக 1.33 ஆல் பெருக்க வேண்டும். ஏஜென்ட் சொன்ன 150 மீட்டரையே உண்மையென்று எடுத்துக்கொண்டாலும் வெப்பத்துக்கு 177, ஈரப் புல்லுக்கு 230, எடைக்கு 247, கடைசியில் 328 மீட்டர் பக்கம் வந்து நிற்கிறது. உங்களிடம் இருப்பது 300. விமானம் தரையை விட்டு எழும்பும், அதுதான் ஆபத்து. தரையை ஒட்டியே மிதந்து போய், மரம் வரும்போது ஏற மறுக்கும்.

இன்னொன்று, இறக்கையின் நீளம் முனைக்கு முனை 8.2 மீட்டர். உங்கள் சடக்கின் அகலத்தை மட்டுமல்ல, இரு பக்கமும் மட்டைகள் எவ்வளவு தூரம் நீட்டிக்கொண்டிருக்கின்றன என்பதையும் டேப் வைத்து அளந்து பாருங்கள். நான் பார்த்த தோட்டங்களில் லோரி போகும் வழியில் இந்த இறக்கை நுழையாது. அனுமதி இல்லாமல் அங்கிருந்து பறப்பதும் குற்றம்.

பேப்பர் எல்லாம் கிளியர் என்றும் சொல்வார்கள். எனக்குக் கோபம் வருவதே இங்கேதான். அந்த நண்பரின் கோப்புக்காக ஓர் அலுவலகத்தில் மேசை மேசையாக ஏறி இறங்கினோம், மூன்று நகல் கேட்டார்கள், கையெழுத்து பேனா நிறம் சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள், ஆனால் 265 என்ற எண் எந்தத் தராசிலிருந்து வந்தது என்று ஒருவர் கூடக் கேட்கவில்லை! முத்திரை குத்தியிருப்பதால் எடை குறைந்துவிடாது, ஐயா.

ஆகவே, உங்கள் கண் முன்னால் மூன்று தராசில் ஏற்றச் சொல்லுங்கள். மறுத்தால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். ஒத்துக்கொண்டால் மூன்று எண்களையும் சக்கரங்களுக்கு இடையேயான தூரத்தையும் எனக்கு அனுப்புங்கள், எடை எங்கே குவிகிறது என்று நானே கணக்குப் போட்டுத் தருகிறேன். மருமகன் அதுவரை காத்திருக்கட்டும். உரிமமும் அனுமதியும் கையில் வந்த பிறகும் முதல் பறப்புகள் அனுபவமுள்ள ஒரு விமானி தனியாக, காலை ஏழரை மணிக்கு, முறையான ஓடுபாதையிலிருந்து செய்ய வேண்டியவை.